மரியரட்ணத்தின் மூன்று பாவங்கள்

மரியரட்ணத்துக்குப் பாவங்கள் மூன்றுதான். தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியாமல் நடந்தேன், தம்பியோடு சண்டை பிடித்தேன், பொய் சொன்னேன். கோயிலில் முதன்முதலாகத் திருஅப்பம் வாங்குவதற்கான முதல்நன்மை வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி அம்மா பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடமாக்கிக் கொடுத்தவை அவை. அன்றைக்கு அரைக்காற்சட்டையோடு முழந்தாளிட்டுச் சொன்னதைத்தான் அறுபது தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் கலியாணம் கட்டினார், இடம்பெயர்ந்தார், திரும்பி வந்தார், மகளைக் கட்டிக்கொடுத்தார், தலை நரைத்தது. பாவம் மட்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

குருநகர்க் கரையில் அவரைப் பக்தியில்லாதவர் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஞாயிறு முதல் மணிக்கே கோயிலில் நிற்பார். வள்ளத்தில் அந்தோனியார் படம் ஒட்டியிருக்கும். பொழுதுபட்டால் வீட்டில் செபமாலை நடக்கும், அவர்தான் தொடங்குவார். தொடங்கினால் எஞ்சின் பூட்டிய மாதிரி. அவர் ஒரு மந்திரத்தின் தன் பாதியை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது மனைவி ஸ்ரெல்லா முந்தியதின் மறுபாதியில் நிற்பாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான். சாமிமார் வழக்கமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம் பரிகாரமாகக் கொடுப்பார்கள். பாவம் சொல்லும் மரத்தொட்டியிலிருந்து எழும்பி கோயில் வாசலுக்கு வருவதற்குள் அதை முடித்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். சாமி தந்ததை வாசலுக்கு வெளியே கொண்டுவராத மனிசன் என்று ஸ்ரெல்லா அவரைப் பகிடி பண்ணுவாள்.

தை மாதம் பங்குக்குப் புதிதாக ஜெரிசன் பாதர் வந்தார். இளவாலைப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், மெல்லிய குரல். குருத்தோலை ஞாயிறு கழிந்த திங்கள் பின்னேரம் மரியரட்ணம் அவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே நடந்ததைச் சாமியார் வெளியில் சொல்லக்கூடாது, சொல்லவுமில்லை. பாவம் சொன்னவருக்கு அந்தத் தடை கிடையாது. மரியரட்ணம் வீட்டுக்கு வந்து ஸ்ரெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதனால்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் தன் மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு மூன்று மந்திரத்துக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தார். மந்திரம் வரவில்லை.

"ஐயா, அப்பா அம்மா இருக்கினமோ?" என்று பாதர் கேட்டார்.

"இல்லைச் சாமி. ரெண்டு பேரும் மோசம் போச்சினம்."

"அப்ப உந்தக் கீழ்ப்படியாமை எப்ப நடந்தது?"

மரியரட்ணம் முழுசினார். எழுபதுகளில் நடந்திருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பாதர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளையின் பாவங்களை இவ்வளவு காலம் பத்திரமாகக் காவிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், இனி உங்களுடையதைக் கொண்டுவாருங்கள் என்றார். இரண்டு மூன்று நாள் யோசித்துப் பார்க்கட்டுமாம். பெரிய வியாழன் காலமை தான் தொட்டியில் இருப்பாராம்.

"மன்னிப்பு எங்கையும் ஓடிப்போகாது ஐயா" என்றும் சொல்லியிருக்கிறார்.

ஸ்ரெல்லா முதலில் சிரித்தாள். பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் தன் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துச் சாமியார் பாதம் கழுவுவதற்குப் பன்னிரண்டு பேர் பீடத்துக்கு முன்னால் இருப்பார்கள். முதற் கதிரை தலைச்சீடர் பேதுருவுக்கு. பல வருடமாக அது மரியரட்ணத்தின் கதிரை. அவருடைய வெள்ளைச் சால்வையை ஸ்ரெல்லா கஞ்சி போட்டு மடித்து ஏற்கெனவே அலுமாரிக்குள் வைத்திருந்தாள். பாவசங்கீர்த்தனம் முடிக்காத மனிசன் நன்மை எடுக்கமாட்டார். முதற் கதிரையில் பேதுருவாக இருந்துகொண்டு நன்மை எடுக்காமல் இருந்தால் கோயில் முழுக்க அதைத்தான் பார்க்கும்.

அவள் அதைத் தன் கூட்டாளிப் பெண் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னாள். செவ்வாய் காலமை கரையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வாடைக்காற்று போய், சோளகக் காற்று இன்னும் எழும்பாத காலம் அது. கடல் தட்டையாகக் கிடந்தது. காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. கொட்டிலின் கீழே வலையைக் குவித்து வைத்து, சுற்றியிருந்து, நீலக்கால் நண்டுகளை ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கால் முறிந்த நண்டைக் நண்டு வாங்குகிற கொம்பனி வான் எடுக்காது. அதனால் கை மெதுவாகத்தான் வேலை செய்யும். வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆளாளுக்கு மரியரட்ணத்துக்குப் பாவம் தேடிக் கொடுத்தார்கள். குடித்ததைச் சொல்லச் சொன்னாள் ஒருத்தி. நத்தார்ப் பெருநாளுக்கும் நாவாந்துறைச் சம்பந்தி வந்தாலும்தான் குடிக்கிறது, அது பாவத்தில் சேராது என்றார் அவர். வள்ளத்தில் அவரோடு போகிற லெனாட், போன மாசம் அடுத்தவன் வலைக்குக் குறுக்கே வலை விட்டதைச் சொல்லலாமே என்றான்.

"அது நீ விட்டது" என்றார் மரியரட்ணம்.

"நீங்கள்தானே வள்ளத்தின்ரை முன் அணியத்திலை நிண்டு காட்டினனீங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கையிலிருந்த நண்டின் கால் முறிந்துவிட்டது. வலைத்தொழிலில் பிறந்து வளர்ந்த மனிசன் நண்டின் கால் முறிப்பதென்றால் மனம் வேறெங்கோ நிற்கிறது என்றுதான் அர்த்தம். அதை லெனாட் கண்டான்.

அன்று பின்னேரம் ஸ்ரெல்லா குசினி வாசலில் இருந்து பிட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒருசந்தி நோன்புக் காலம், கறி என்று மரவள்ளிக்கிழங்கும் ஒரு சொதியும்தான். மரியரட்ணம் முற்றத்தில் செபமாலையைக் கையில் வைத்தபடி சும்மா இருந்தார். தொடங்குகிற நேரம் தாண்டியும் தொடங்கவில்லை. ஸ்ரெல்லா துருவுவதை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லுவன். கோவிக்கக் கூடாது."

"சொல்லன்."

"நீங்கள் சொல்லுற மூண்டும் பொய்ப் பாவமில்லை. எமிலின்ரை விசயத்திலை மூண்டும் நடந்தது."

மரியரட்ணம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். செபமாலையைக் கையில் சுற்றினார், பிறகு அவிழ்த்தார்.

எமில்ராஜ் அவருடைய ஒரே தம்பி. ஜெற்றிக்குப் போகும் ஒழுங்கையில்தான் வீடு. ஏழெட்டு வருடமாக அண்ணனும் தம்பியும் கதைப்பதில்லை. பெண்சாதிமார் கதைப்பார்கள். நத்தாருக்கு எமிலின் மனைவி செபஸ்தியம்மா சுடுகிற பயற்றம்பணியாரம் இந்த வீட்டுக்கு வரும். ஸ்ரெல்லாவின் கேக் அந்த வீட்டுக்குப் போகும். ஆம்பிளைகள் இரண்டு பேரும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் தின்பார்கள்.

பகை, தாயை அடக்கம் செய்த அன்று தொடங்கியது. அந்த வருடம் எமில் முல்லைத்தீவில் கரையோரம் வாடிக்கொட்டில் அடித்துத் தொழில் செய்துகொண்டிருந்தான். தாய் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். குளிக்க வார்த்ததும் கஞ்சி பருக்கியதும் மரியரட்ணமும் ஸ்ரெல்லாவும். தாயோ கண்ணைத் திறக்கும்போதெல்லாம் எமில் வந்திட்டானோ என்றுதான் கேட்டாள். கரண்டியைப் பிடித்திருக்கிற கைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது நோயாளி பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும். கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில் தாய் மரியரட்ணத்தின் கையைப் பிடித்து, எமில் வந்து என் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்னைக் கொண்டுபோக வேண்டும் என்றாள். அவர் ஓம் என்றார்.

அடக்கத்தன்று பின்னேரம் ஸ்ரெல்லாவின் போனுக்கு எமில் எடுத்தான். பஸ் சாவகச்சேரி தாண்டிவிட்டது, கொஞ்சம் வைத்திருங்கள் என்றான். ஸ்ரெல்லா வந்து மரியரட்ணத்தின் காதில் சொன்னாள். அவர் சவப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதம் வராதவனுக்காக இப்போது ஊர் முழுக்கக் காத்திருக்க வேண்டுமோ என்று அவருக்குள் ஒன்று எழும்பியது. "மூடுங்கோ" என்றார். யாரோ எமில் வரவில்லையே என்று இழுத்தபோது, சாமிக்கு வேறொரு செத்தவீடு இருக்குதாம், அவசரப்படுத்துகிறார் என்றார். சாமி அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

எமில் சவக்காலைக்கு ஓடி வந்தபோது மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்களாவது மறித்திருக்கலாமே அண்ணை என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினான். குற்றம் தன்னிடம் இருக்கும்போது வருகிற கோபத்துக்கு அளவில்லை. மரியரட்ணம் அவனைவிடப் பெரிதாகக் கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. எமில் கோயிலுக்கும் வருவதில்லை. என் தாயின் முகத்தைவிடச் சாமிக்குத் தன் நேரம் பெரிதாகப் போய்விட்டது, அந்தக் கோயிலில் எனக்கென்ன வேலை என்று இருந்துவிட்டான். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். எமிலின் ஆத்திரம் மாறவில்லை.

"நானும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்" என்றாள் ஸ்ரெல்லா. "அந்த வருசமே அதைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லிப்போட்டன். உங்களுக்காகச் சொல்ல என்னாலை ஏலாது."

"அவனுக்கு இப்ப சொன்னா வெட்ட வருவான்."

"வரட்டும். உங்கடை பொய்யாலை அவன் கோயிலை விட்டுப்போட்டு இருக்கிறான். நீங்கள் முதற் கதிரையிலை இருக்கிறியள்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு துருவலையை இழுத்துப் போட்டுக்கொண்டு மிச்சத் தேங்காயைத் துருவினாள். அன்றைய செபமாலையை ஸ்ரெல்லாதான் தொடங்கினாள். மறுபாதி சொல்லும் பங்கு முதல்முறையாக மரியரட்ணத்துக்கு வந்தது. அவள் ஆறுதலாகச் சொன்னாள். அவரும் காத்திருந்து சொன்னார்.

புதன் விடியப்புறம் வழக்கம்போல லெனாட்டோடு கடலுக்குப் போனார். வலை இழுக்கும்போது மந்திரம் சொல்வது அவருக்குப் பழக்கம். கை இழுக்கும், வாய் சொல்லும், இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. அன்றைக்கு வாய் ஓடவில்லை. வலை நிறைய நண்டு வந்தும் அவர் முகம் மலரவில்லை என்று லெனாட் பிறகு சொன்னான். கரைக்கு வந்து, வள்ளம் தாங்குகிற மரக்கோலைச் சாத்தி வைத்து, நண்டைப் பெண்களிடம் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். கடலுக்குக் கட்டிய சறத்தை மாற்றாமலேயே ஜெற்றி ஒழுங்கைப் பக்கம் நடந்தார்.

எமில் முற்றத்து நாவல் மரத்தின் கீழ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். காற்பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடித்திருந்தான். படலையில் அண்ணனைக் கண்டதும் ஊசி நின்றது, பிறகு ஓடியது. செபஸ்தியம்மா வெளியே வந்து, ஆளைப் பார்த்துவிட்டு, இருக்க ஒரு மர வாங்கை இழுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மரியரட்ணம் வாங்கில் இருக்கவில்லை.

"எமில், அண்டைக்குச் சாமி அவசரப்படுத்தேல்லை. நான்தான் மூடச் சொன்னனான்."

ஊசி நின்றது.

"நீ சாவகச்சேரி தாண்டிட்டாய் எண்டு எனக்குத் தெரியும். அம்மாவும் உனக்கு முகம் காட்டச் சொல்லித்தான் செத்தவ. எனக்குப் பொறாமை. நான் பாத்துக்கொண்டிருக்க அவ உன்னைத்தான் தேடினவ."

எமில் எழும்பினான். விரலில் கொளுவியிருந்த வலை அவனோடு இழுபட்டது. அடிக்கட்டும் என்று மரியரட்ணம் நின்றார். உள்ளே அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தமும் நின்றுவிட்டது. செபஸ்தியம்மா காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"எத்தினை வருசம் நான் அந்த மனிசனைத் திட்டினனான்" என்றான் எமில். "சாமியெண்டும் பாக்காமல்."

"ஓம்."

"என்ரை மகளின்ரை முதல்நன்மைக்கும் நான் கோயில் வாசல் மிதிக்கேல்லை. தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும். நான் உள்ளுக்கை இருந்தனான்."

எமில் மறுபக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தபடி நின்றான். மரியரட்ணத்துக்குக் கால் கடுத்தது. ஆனாலும் இருக்கவில்லை, போகவுமில்லை. கடைசியில் எமில் திரும்பாமலே கேட்டான்.

"அம்மாவுக்கு என்ன சீலை உடுத்தனீங்கள்?"

மரியரட்ணத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரெல்லாம் பார்த்த முகத்தை இவன் ஒருவன்தான் பார்க்கவில்லை. இத்தனை வருடமும் யாரிடமும் கேட்கவுமில்லை.

"நீ நத்தாருக்கு வாங்கிக் குடுத்த சாம்பல் நிறச் சீலை. சின்னப் பூப் போட்டது."

"முகம்?"

"முகம் வாடேல்லை. வாய் ஒருபக்கம் கொஞ்சம் கோணி, பகிடிக்குச் சிரிக்கிற மாதிரி. கையிலை கறுத்தச் செபமாலை. வலக்கண் முழுக்க மூடேல்லையடா. நான் ரெண்டு மூண்டு தரம் மூடிப் பாத்தன். மூடேல்லை."

எமில் வாங்கில் இருந்துவிட்டான். அழுதான். அண்ணனும் பக்கத்தில் இருந்தார், அவரும் அழுதார். வயது போன ஆம்பிளைகள் இரண்டு பேர் பட்டப்பகலில் வலைக்குப் பக்கத்தில் இருந்து அழுவதை ஒழுங்கையால் போன ஒரு சைக்கிள்காரன் பார்த்துவிட்டு வேகமாக மிதித்தான். எமில் மேலும் கேட்டான். தலையில் எண்ணெய் வைத்தீர்களோ, யார் பாட்டுப் பாடினது, யார் யார் பெட்டியைக் காவினது. மரியரட்ணம் ஞாபகத்தில் இருந்ததெல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார். கிட்டத்தட்ட ஒரு செத்தவீடு முழுக்க அந்த வாங்கில் திரும்ப நடந்தது.

செபஸ்தியம்மா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை. மரியரட்ணம் எழும்பியபோது எமில் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ" என்றான். "ஆறுது."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. மரியரட்ணம் தேத்தண்ணியைக் குடித்தார். ஸ்ரெல்லாவிடம் அன்று பின்னேரம் அதைத்தான் முதலில் சொன்னார். எமில் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன் என்று. அவள் அலுமாரியைத் திறந்து வெள்ளைச் சால்வையை எடுத்து, மடிப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப வைத்தாள்.

பெரிய வியாழன் காலமை கோயிலில் சனம் குறைவு. பெண்கள் சிலர் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரெல்லா பக்க வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வெயில் யன்னல் வழியாக வாங்குகளில் விழுந்திருந்தது. மரியரட்ணம் தொட்டியில் முழந்தாளிட்டார். இந்த முறை என்ன சொல்வது என்று இரவு முழுவதும் யோசித்து வசனமெல்லாம் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார். பொறாமை, வஞ்சகம் என்று பெரிய சொற்கள். சிலுவை போட்டுக்கொண்டு வாயைத் திறந்தபோது வந்தது பழையதுதான்.

"தாய்க்குக் கீழ்ப்படியாமல் நடந்தேன். தம்பியோடு சண்டை பிடித்தேன். பொய் சொன்னேன்."

சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. ஜெரிசன் பாதர் எப்போது நடந்தது என்று கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பாவமன்னிப்புக் கொடுத்தார். பரிகாரமாக ஒரேயொரு பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார்.

எழும்பித் திரும்பினால், பின்னால் வரிசையில் எமில் நிற்கிறான். சேட்டுப் போட்டுத் தலை சீவியிருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளையைப் போல வாசற் பக்கம் ஒரு கண்ணாகவே நின்றான்.

"அண்ணை" என்றான் மெல்ல. "எனக்குப் பாடம் மறந்து போச்சு. எப்பிடித் தொடங்கிறது?"

இருவருக்கும் அதே கன்னியாஸ்திரி அம்மாதான் பாடமாக்கிக் கொடுத்தவர். மரியரட்ணம் அவன் காதுக்குள் மூன்றையும் சொன்னார்.

"முதலும் கடைசியும் உங்கடை" என்றான் எமில். "எனக்கு நடுவிலை உள்ளது காணும். சாமிமாரைத் திட்டினதையும் சேர்த்துச் சொல்லுறன்."

உள்ளே போனான். மரியரட்ணம் நடு வாங்கில் முழந்தாளிட்டுப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். மூன்று மந்திரத்தை வாசலுக்கு முன்னம் முடிக்கிற மனிசனுக்கு ஒன்று எந்த மூலைக்கு? ஆனால் எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று வருகிற இடத்தில் நின்றுவிட்டார். அந்தச் சொற்களை அவர் முதன்முதலாகக் கேட்கிற மாதிரி இருந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். திரும்பவும் அதே இடத்தில் நின்றார். பக்க வாசலில் ஸ்ரெல்லா கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டு நின்றாள்.

எமில் வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வாங்கில் அண்ணனுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டான். தன் பரிகாரத்தைச் சொல்லி முடித்தான். பக்கத்தில் பார்த்தான். அண்ணன் எழும்புகிற பாடாக இல்லை.

"உங்களுக்கு எத்தினை தந்தவர்?"

"ஒண்டு."

"ஒண்டுக்கோ இவ்வளவு நேரம்?"

"ஓம்" என்றார் மரியரட்ணம். "கொஞ்சம் பொறு. நான் இன்னும் முடிக்கேல்லை."